சைக்கிள் தெருவில் வியாபாரம் எப்படி?

அந்தக் கடைத்தெருவில் மெத்தைக் கடைக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பாதியார்’ என்றுதான் சொல்வார்கள். எதிராளி எதைச் சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் அவர் பேச்சைத் தொடங்குவார். பஞ்சு வியாபாரி விலை சொன்னால் பாதி. சுண்ணாம்பு அடிக்க வந்தவர் நாலு நாள் வேலை என்றால் ரெண்டு நாள். ஒருமுறை டாக்டர், காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்தபோது, “ரெண்டுக்கும் பொதுவா மத்தியானம் ஒண்ணு போட்டுக்கிட்டா முடிஞ்சது இல்லையா டாக்டர்?” என்று கேட்டவர். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் என்ன, டாக்டரிடமே கேட்டுப் பார்த்தாரே என்று தெருவுக்குப் பெருமை.

மொத்த வியாபாரியோ, லாரிக்காரரோ, கட்டடத்துச் சொந்தக்காரரோ, நகராட்சியோ, யாரோடு பேசவேண்டி வந்தாலும் எல்லாக் கடைகளுக்கும் சேர்த்துப் பேசுவது பாதியார்தான். அதற்கென்று ஒரு பதவி இல்லை, அறை இல்லை, முத்திரை இல்லை. “நீங்க பேசுங்க” என்று மற்றவர்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான் சடங்கு. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்பதற்காகத்தான் மனிதர் காலையில் எழுந்திருக்கிறார் என்று அவர் மனைவி சொல்வாள். அந்த அம்மாளுக்கு எதையும் கூட்டிச் சொல்லும் வழக்கம் கிடையாது.

நகராட்சியிலிருந்து சைக்கிள் மேடம் வந்தபோதும் அப்படித்தான் நகர்ந்துகொண்டார்கள். சைக்கிள் மேடம் என்பது தெரு வைத்த பெயர். ஜனங்கள் வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தினமும் சைக்கிளில் போய்வர வேண்டும், அதற்குத் தோதாக ஊரைத் திருத்த வேண்டும் என்று நகராட்சி ஒரு திட்டம் போட்டிருந்தது. அதை நடத்தப் போட்ட பொறியாளர் அவர். ஒரு கையில் சுருட்டிய வரைபடம், இன்னொரு கையில் ஹெல்மெட்டோடு வந்து சேர்ந்தார்.

கூட்டம் நடந்தது பாதியாரின் கடைக்கு எதிரே இருந்த கம்பளக் கடையில். கம்பளக்காரர் பாதியாருக்கு மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அந்தக் கடையில் நாற்காலி கிடையாது. மடித்து அடுக்கிய கம்பளங்களின் மேல்தான் உட்கார வேண்டும். அடுக்கு நல்ல உயரம். எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரானாலும் காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கும்.

மேடம் வரைபடத்தை ஒரு கம்பளத்தின் மேலேயே விரித்தார். “பெரிசா ஒண்ணும் இல்ல சார். தெருவோட ஒரு ஓரத்துல மட்டும் சைக்கிளுக்குப் பாதை. அந்த ஓரத்துல கார் நிறுத்த முடியாது. மத்தபடி எல்லாம் இருக்கிற மாதிரியே இருக்கும்.”

அந்த ஓரம் எது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பாதியாரின் கடை இருக்கும் ஓரம்.

“நீங்க பேசுங்க” என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். மச்சானின் குரல் கொஞ்சம் உற்சாகமாகவே கேட்டது.

பாதியார் கணக்குப் போட்டார். ஒரு ஓரத்தில் பாதியைக் குறைத்தால் அரை ஓரம். அதுவும் தம் கடை வாசலில்தான் வரும். இந்த இடத்தில் குறைத்துக் கேட்பது உதவாது. கூட்டிக் கேட்டு மிரட்ட வேண்டும். அந்தம்மாள் பயந்துபோய் வரைபடத்தைச் சுருட்டும் அளவுக்குக் கூட்ட வேண்டும்.

“ஒரு ஓரமா?” என்று ஆரம்பித்தார். “எதுக்கு மேடம் இந்தப் பிச்சைக்கார வேலை? செய்யறதா இருந்தா முழுசா செய்யுங்க. தெருவுக்குள்ள காரே வரக்கூடாது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சைக்கிள், நடக்கறவங்க, வேற யாரும் கிடையாது. கடைக்குக் கடை வாசல்ல சைக்கிள் ஸ்டாண்டு. காத்தடிக்க பம்பு. சைக்கிள் இல்லாதவங்களுக்கு நகராட்சியே சைக்கிள் தரணும். எங்களுக்குச் சரக்கு கொண்டுபோக மூணு சக்கர சைக்கிள் வண்டி. இதெல்லாம் முடியும்னா பேசுவோம். முடியாதுன்னா எங்களை விட்டுடுங்க.”

அவர் மனதுக்குள் மீதிப் பேச்சும் தயாராக இருந்தது. மேடம் ‘அவ்வளவு முடியாது சார்’ என்பார். இவர் கொஞ்சம் இறங்குவார். மேடம் கொஞ்சம் இறங்குவார். கடைசியில் தெருமுனைச் சுவரில் ஒரு சைக்கிள் படம் வரைந்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் பிரிவார்கள்.

மேடம் வரைபடத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். “சரி சார்” என்றார்.

“எது சரி?”

“நீங்க சொன்னது எல்லாமே. எங்களுக்கும் இதுதான் ஆசை. கடைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு கேக்கவே பயந்துக்கிட்டு இருந்தோம். மழைக்காலம் ஆரம்பிக்கிற வரைக்கும் சோதனையா செஞ்சு பார்க்கலாம். ரொம்ப நன்றி சார்.” முகமெல்லாம் சிரிப்போடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கம்பள அடுக்கின் மேல் அத்தனை கால்களும் ஆடுவதை நிறுத்தியிருந்தன.

கேட்ட மாத்திரத்தில் ‘சரி’ என்று யாராவது சொல்லி அந்தத் தெரு பார்த்ததில்லை. அங்கே முதல் வார்த்தை என்பது வணக்கம் சொல்வது போல. அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டால் மனிதர் என்ன செய்வார்?

“மாப்ள” என்றார் மச்சான், மெதுவாக. “நீ இப்ப என்ன பண்ணினே?”

“பேரம் பேசினேன் மச்சான்.”

“அவங்க கேட்டது ஒரு ஓரம். நீ முழுத் தெருவையும் தூக்கிக் கொடுத்திருக்கே. இது எந்த ஊரு பேரம்?”

கண்ணாடிக்கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். விளக்குக்கடைக்காரர், “காரே வராதுன்னா என் சரவிளக்கை சைக்கிள் ஹேண்டில்ல மாட்டிக்கிட்டா போவாங்க?” என்று அழாத குறையாகக் கேட்டார்.

“இங்க பாரு” என்றார் மச்சான். “மழைக்காலம் வரட்டும். வியாபாரம் படுத்துடுச்சுன்னா, இனிமே தெருவுக்கு நான் பேசறேன். நீ உன் மெத்தையைப் பார்த்துக்கோ.”

யாரும் மறுத்துச் சொல்லவில்லை. மச்சான் எப்படிப் பேரம் பேசுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிராளி குரலை உயர்த்தினால் கம்பளத்தோடு அதைக் கட்டிய கயிற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். இருந்தும் ஒருவரும் மறுக்கவில்லை என்பதுதான் பாதியாரை அன்று ராத்திரி தூங்கவிடவில்லை.

மறுநாள் நகராட்சி அலுவலகத்தில் மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்றார்.

“மேடம், நேத்து நான் சொன்னது… அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது.”

“எது சார்?”

“எல்லாந்தான்.”

மேடம் பேனாவை மூடி வைத்தார். “அப்ப நிஜமா உங்களுக்கு என்னதான் சார் வேணும்?”

பாதியாருக்கு நடுத்தெருவில் சட்டையைக் கழற்றச் சொன்னது போல் ஆகிவிட்டது. நிஜமா என்ன வேணும் என்று எந்த எதிராளியும் முகத்துக்கு நேராக இதுவரை அவரைக் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. அதை மறைத்து வைப்பதற்குத்தானே பேரம்?

“நீங்க ஒண்ணு சொல்லுங்க மேடம், நான் ஒண்ணு சொல்றேன். அப்படியே நடுவுல வந்துடலாம்.”

“நான்தான் நேத்தே சரின்னு சொல்லிட்டேனே சார்.”

“காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடியாவது சரக்கு லாரி உள்ள வரணும்…”

“வரலாம் சார்.”

அவ்வளவுதான். ஒரு முனகல் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. வழுவழுப்பான சுவரில் எதைப் பிடித்து ஏறுவது? கேட்டது கிடைத்தும் தோற்ற முகத்தோடு பாதியார் வீடு திரும்பினார்.

தெருவின் இரண்டு முனைகளிலும் கம்பங்கள் நட்டார்கள். முதல் சில நாட்கள் தெரு, விருந்து முடிந்து பந்தல் பிரித்த இடம் மாதிரி பரந்து கிடந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. வாடிக்கையாளர் கார் நிறுத்த இடம் போய்விடும் என்று அடித்துக்கொண்டார்களே, அந்த இடத்தில் பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தவை கடைக்காரர்களின் சொந்தக் கார்கள். காலையில் முதல் ஆளாக வந்து, தன் கடை வாசலைத் தானே அடைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்கு இடமில்லையே என்று நாள் முழுக்க நொந்துகொள்வது அந்தத் தெருவின் வழக்கமாக இருந்திருக்கிறது. யாரும் இதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. சில உண்மைகளைப் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுவதுதான் மரியாதை.

பாதியார் காரை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வியர்த்து வழிய நடந்து வந்தார். அவர் மனைவியும் ஒரு வாரம் அவரோடு நடந்தாள். அப்புறம் ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் நகராட்சியின் சைக்கிள் ஒன்று நின்றது.

“என்னம்மா இது?”

“சைக்கிள். நீங்க கேட்டு வாங்கிக் கொடுத்ததுதான்.”

“உனக்கு ஓட்டத் தெரியுமா?”

“உங்களைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எனக்கு நிறைய தெரியும். சாவியைக் கொடுங்க, நான் போய்க் கடையைத் திறக்கறேன். நீங்க நிதானமா வாங்க.”

அன்று அவர் கடைக்கு வந்து சேர்ந்தபோது தரை கூட்டி, தலையணைகளைத் தட்டி வைத்து, முதல் வியாபாரமும் முடிந்திருந்தது. அந்த அம்மாள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாதியார் அதைக் கேட்காதது போல் இருந்தார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஒரு பள்ளி ஆசிரியை சைக்கிளில் வந்து ஸ்டாண்டில் பூட்டிவிட்டு ஒரு தலையணை கேட்டார். விலை சொன்னார் பாதியார். அந்தம்மாள் அதைக் குறைத்தார். இவர் கொஞ்சம் இறங்கினார். அந்தம்மாள், “வேண்டாங்க, நான் வேற கடை பார்த்துக்கறேன்” என்று எழுந்து போனார்.

இது எல்லோரும் செய்யும் வேலைதான். காரில் வந்தவர்களாக இருந்தால் இந்தக் கட்டத்தில் கதவைப் பட்டென்று சாத்திக்கொண்டு போயே விடுவார்கள். வியாபாரி தெருவில் இறங்கிக் காரின் பின்னால் ஓட முடியாது. ஓடினால் மானம் போகும், ஓடாவிட்டால் வியாபாரம் போகும். சைக்கிளில் வந்தவர் கோபமாகக் கிளம்பினாலும் சட்டென்று போய்விட முடியாது. குனிய வேண்டும். கைப்பைக்குள் சாவியைத் தேட வேண்டும். பூட்டு முரண்டு பிடிக்கும். பையை ஹேண்டிலில் மாட்டினால் வழுக்கும். அதற்குள் கடைக்காரர் கையில் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, தற்செயலாக வாசலைப் பெருக்க வந்தவர் போல வெளியே வந்துவிடலாம்.

வந்தார். “பின் சக்கரத்துல காத்து கம்மியா இருக்கே டீச்சர்.”

“அப்படியா?”

“இருங்க, பம்பு பக்கத்துலதான் இருக்கு. நான் அடிச்சு விடறேன். வெயில்ல ஏன் நிக்கறீங்க, உள்ள உட்காருங்க.”

காற்றடித்து முடிவதற்குள் ஆசிரியை ஒரு மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்தார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவருக்கு அந்த மெத்தை எப்படி இருந்திருக்கும்? கொஞ்சம் சாய்ந்தும் பார்த்தார். தலையணை வாங்க வந்தவர் மெத்தையும் சேர்த்து வாங்கினார். மெத்தையைச் சுருட்டி மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏற்றி, கடைப்பெயர் வெளியே தெரியும்படி கட்டி அனுப்பினார்கள். ஊர் முழுக்க அது ஊர்வலம் போனது. லாரியில் போன மெத்தையை யார் திரும்பிப் பார்த்தார்கள்? சைக்கிளில் போகும் மெத்தையைப் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்?

அன்றிலிருந்து பாதியாரின் கடையில் துடைப்பம் வாசல் பக்கமே இருந்தது. சில நாட்களுக்குள் தெருவில் அத்தனை கடைக்காரர்களும் வாசலைப் பெருக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தத் தெரு அவ்வளவு சுத்தமாக எப்போதும் இருந்ததில்லை. காற்றுக் குறையாத சக்கரங்களையும் அந்த ஊர் முன்னே பார்த்ததில்லை.

ஆனால் வாய் திறந்து ஒருவர் சொல்ல வேண்டுமே!

“வியாபாரம் எப்படி மச்சான்?” என்று ஒரு நாள் கம்பளக் கடையில் உட்கார்ந்துகொண்டே கேட்டார் பாதியார்.

“அதை ஏன் கேக்கறே மாப்ள. கொசு ஓட்டிக்கிட்டிருக்கேன்.”

பாதியார் கீழே பார்த்தார். அவர் கால்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. கம்பள அடுக்கு பாதி கரைந்திருந்தது. மச்சானும் அந்தக் கால்களைப் பார்த்தார். இருவரும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று வெளியில் சொல்வது அந்தத் தெருவில் நடக்காத காரியம். சொன்னால் வரிக்காரர் காதில் விழும். மொத்த வியாபாரி சரக்கு விலையை ஏற்றுவார். ஒன்றுவிட்ட உறவெல்லாம் நலம் விசாரிக்க வரும். எல்லாவற்றுக்கும் மேல், கட்டடத்துச் சொந்தக்காரர் வாடகையைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார். அதனால் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே ‘ஏதோ ஓடுது’ என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

மழைக்காலம் நெருங்கியபோது சைக்கிள் மேடம் கடை கடையாக விசாரிக்க வந்தார். பாதியாரின் கடைக்குள் அவர் நுழைந்தபோது இரண்டு பேர் மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் உறை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார், மனைவி கயிறு வெட்டிக்கொண்டிருந்தாள், போன் அடித்துக்கொண்டிருந்தது.

“வியாபாரம் எப்படி சார் போகுது?”

பாதியாரின் மனம் பதில் சொல்வதற்குள் வாய் சொல்லிவிட்டது. “ஏதோ கடையைத் திறக்கறோம், மூடறோம் மேடம். வேற என்ன சொல்ல?”

மேடத்தின் முகம் வாடியது. எழுதிக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர், “என் மூஞ்சியை நானே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்” என்றார். விளக்குக்கடைக்காரர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து பதில் சொன்னார். மச்சான் கண்ணீரே விட்டார். வருஷக்கணக்கில் பழகிய கண்ணீர், நினைத்தால் வரும்.

இரண்டு நாள் கழித்து மேடம் மறுபடி வந்தார். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை.

“மன்னிச்சிடுங்க சார். சைக்கிள் எண்ணிக்கை எல்லாம் ஏறித்தான் இருக்கு. ஆனா தெருவுல ஒரு கடை பாக்கி இல்லாம நஷ்டம்னு சொல்லிட்டாங்க. உங்க எல்லார் பொழைப்பையும் நான் கெடுத்துட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூட்டம். கம்பத்தைப் பிடுங்கிட்டு பழையபடி காரை விட்டுடலாம்னு நானே சொல்லப்போறேன்.”

பாதியார் துடைப்பத்தை எடுத்தார், திரும்ப வைத்தார். மேடம் போனதும் மச்சான் வாசலில் வந்து நின்றார். “கேள்விப்பட்டேன் மாப்ள. திட்டம் தோத்துப்போச்சுன்னு நகராட்சியே எழுதிடப்போகுது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் பேசறேன்.”

“மச்சான், உங்க அடுக்கு கரைஞ்சுபோச்சு. காரை விட்டா உங்களுக்கும்தான் அடி.”

“அடுக்கா? கரையான் அரிச்சுடுச்சு” என்றார் மச்சான் கண் சிமிட்டாமல்.

எல்லோருக்கும் வியாபாரம் வேண்டும்தான். யாராவது ஒருத்தன் எழுந்து உண்மையைச் சொல்லட்டும், அந்த ஒருத்தன் நானாக இருக்கக் கூடாது. அன்று ஒவ்வொரு கடைக்குள்ளும் இதே எண்ணம்தான் ஓடியது.

வீட்டில் மனைவி தட்டை முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “இதுல என்ன கஷ்டம்? எழுந்து நின்னு நல்லா போகுதுன்னு சொல்லிடுங்க.”

“வாயில வராதேம்மா.”

“எங்க, இப்ப சொல்லிப் பாருங்க.”

“நல்லா… போகாம இல்ல.”

“இது இல்ல. திரும்ப.”

“போன வருஷத்தைப் பார்க்கும்போது… மோசம்னு சொல்ல முடியுமான்னு கேட்டா…”

“திரும்ப!”

“பரவால்லைன்னு ஒருத்தர் சொன்னா, நான் அவங்களோட சண்டைக்குப் போகமாட்டேன்.”

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. “என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் பிடிச்சிருக்கான்னு கேட்டதுக்கு, ‘குறையா ஒண்ணும் தெரியலை’ன்னுதானே சொன்னீங்க? எங்கப்பா ஒரு வாரம் தலையைப் பிச்சுக்கிட்டார்.”

வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூடத்தில் தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. மேடம் எழுந்து, கடைக்காரர்கள் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னார். நகராட்சித் தலைவி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, “அப்ப சோதனையை நிறுத்திடலாமா? கடைக்காரங்கள்ல யாராவது பேசணுமா?” என்று கேட்டார்.

பாதியார் சுற்றிலும் பார்த்தார். ‘நீங்க பேசுங்க’ என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரும் பின்னால் நகரவும் இல்லை. கூரையைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். பக்கத்தில் மனைவி மட்டும் அவர் முழங்கையில் ஒரு இடி இடித்தாள்.

எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“என் கடையில” என்றார். நிறுத்தினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “என் கடையில வியாபாரம் நல்லா போகுது.”

கூடத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. தலைக்குள் ஏதோ அறுந்துபோன ஆளைப் பார்ப்பது போலக் கண்ணாடிக்கடைக்காரர் அவரைப் பார்த்தார். பாதியாருக்கே தாம் சொன்னதா என்று சந்தேகமாக இருந்தது. இடி விழவில்லை, வரிக்காரர் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை.

“கார் இருந்தப்ப விட ரொம்ப நல்லா போகுது” என்று இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். ருசியாகத்தான் இருந்தது.

தலைவி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “நீங்க ஒருத்தர் சொல்றீங்க. மத்தவங்க எல்லாம் நஷ்டம்னு சொல்லியிருக்காங்களே? ஒரு கடைக்காக ஒரு தெருவை மாத்த முடியாதே.”

நியாயமான கேள்வி. பாதியார் திரும்பித் தெருக்காரர்களைப் பார்த்தார். கெஞ்சிக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் பார்வை மச்சானின் மேல் போய் நின்றது. மடிப்புக் கலையாத புதுச் சட்டை, அதற்கு மேலே பரிதாபமான முகம்.

பாதியாரின் குரல் சட்டென்று கரகரத்தது.

“உண்மைதாம்மா. மத்தவங்க நிலைமை பாவம்தான். அதுலயும் என் மச்சான் இருக்காரே…” என்று பெருமூச்சு விட்டார். “அவர் கம்பளத்தை ஈ கூடத் தொடறதில்லை. வர்றவங்க எல்லாம் என் கடைக்கு வந்துடறாங்க. எதிர்ல உக்காந்து அதைப் பார்த்துக்கிட்டிருக்கணும்னா அவர் மனசு என்ன பாடுபடும்? என் வீட்டுக்காரி தினமும் அழறா.”

பக்கத்தில் இருந்த மனைவி ஒரு கணம் திகைத்தாள். அடுத்த கணம் தலைப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணனுக்குத்தான் கண்ணீர் வரும் என்று யார் சொன்னது?

மச்சானின் காது சிவந்தது.

“அதனால நாங்க ஒண்ணு யோசிச்சிருக்கோம்” என்றார் பாதியார். “இனிமே என் வருமானத்துலேர்ந்து மாசாமாசம் மச்சானுக்கு ஏதாவது உதவி…”

“யாருக்கு உதவி?” மச்சான் எழுந்தேவிட்டார்.

“வெக்கப்படாதே அண்ணே” என்றாள் தங்கை, விம்மலுக்கு நடுவே. “கூடப்பிறந்தவங்ககிட்ட என்ன வெக்கம்?”

“யாருக்குடி வெக்கம்? இந்த மெத்தைக்காரன் எனக்கு உதவி பண்றானா? என் கடைக்கு வந்து பாருங்கய்யா எல்லாரும்! இறக்கி வைக்கறதுக்குள்ள கம்பளம் பறக்குது! அடுக்கு கரைஞ்சு தரை தெரியுது! இவன் மெத்தை ஒண்ணு விக்கறதுக்குள்ள நான் கம்பளம் ரெண்டு விக்கறேன்!”

“ரெண்டு என்ன பெரிய ரெண்டு?” என்று விளக்குக்கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் கடையில பழுது பார்க்க வந்த விளக்கெல்லாம் போய் இப்ப புது விளக்குத்தான்! நானே புதுசா ஒரு ஆளை வேலைக்கு வச்சிருக்கேன்!”

“ஒரு ஆளா? நான் பக்கத்துக் கடையையும் பிடிக்கலாம்னு இருக்கேன்” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் திரைச்சீலைக்கடைக்காரரும் பூட்டுக்கடைக்காரரும் ஒருவர் தோளின் மேல் ஒருவர் ஏறிக்கொண்டு தங்கள் பெருமையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். கூடத்தில் சந்தை இரைச்சல்.

மேடம் வாயைத் திறந்தபடி நின்றார். தலைவி மேஜையைத் தட்டி அமைதி உண்டாக்கினார்.

“அப்ப போன வாரம் இவங்ககிட்ட அழுதீங்களே, அது என்ன?”

மச்சான் புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டார். “அது… சும்மா ஒரு பேச்சுக்கு.”

கம்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், சோதனை என்ற பலகையை மட்டும் கழற்றிவிடுங்கள் என்று தீர்மானமாயிற்று. மேடம் ஓடிவந்து பாதியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அடுத்த தடவை உங்க தெருவுல எது கேட்டாலும் நேரா கம்பள அடுக்கைத்தான் பார்ப்பேன் சார்” என்றார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைகிற நேரம், கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து சாவகாசமாக நடந்து வந்தார். கட்டடத்துச் சொந்தக்காரர். தெருவில் பெரும்பாலான கடைகள் அவருடையவை. வந்திருக்கிறார் என்று யாரும் கவனிக்கவில்லை.

“கேக்கவே மனசுக்குக் குளிர்ச்சியா இருக்கு” என்றார் எல்லோரையும் பார்த்துப் பொதுவாக. “கம்பளம் பறக்குதாமே? சந்தோஷம். நாளைக்கே வந்து எல்லார்கிட்டயும் பேசிட்டுப் போறேன்.”

சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மச்சான் பாதியாரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“மாப்ள…”

“என்ன மச்சான்? இன்னைக்குத்தான் வெள்ளிக்கிழமை. இனிமே நீங்கதானே பேசணும்?”

“அட, அதெல்லாம் கோபத்துல சொன்னது. எனக்கு இந்தாளைப் பார்த்தாலே கையும் காலும் ஓடாது, உனக்குத் தெரியாதா? நீ பேசு.”

“எனக்குக் காதுல சரியா விழலை.”

மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி, “எங்க தெருவுக்கு எங்க மாப்ளதான் பேசுவார்!” என்றார். மற்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே சரசரவென்று ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் அவசரத்தில் இரண்டு அடி நகர்ந்துவிட்டார்.

பாதியார் கட்டடத்துச் சொந்தக்காரரின் தோளில் உரிமையோடு கையைப் போட்டு ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். தாமும் எதிரே ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு எதுக்கு, இன்னைக்கே பேசிடலாம்” என்றார் அன்பாக. “நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன். மழைக்காலம் வருது பாருங்க. மாடி ஒழுகறதை முதல்ல பேசுவோமா, இல்ல பின்சுவர் வெடிச்சிருக்கறதை முதல்ல பேசுவோமா?”

சொந்தக்காரரின் முகத்தில் இருந்த குளிர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்தது.

மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். “ஏங்க, இது இப்போதைக்கு முடியாது. நான் சைக்கிள்ல முன்னாடி போய்க் கடையைப் பார்த்துக்கறேன்” என்றாள்.

அவர் திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினார். பேச்சு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது.